நினைவஞ்சலிக்கு நான்கு வரிகள்: இழப்பு பாட்டாகும்போது என்ன நடக்கிறது?

பிறைவாசி (பிறை, பினாங்கு)
வெள்ளி, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். வரும் மாதம் என் அம்மாவுக்கு முதலாம் ஆண்டு நினைவு நாள். நாளிதழில் நினைவஞ்சலி போட வேண்டும் என்று அக்காள் சொன்னதால், அம்மாவின் படத்தையும் தோற்றம், மறைவு தேதிகளையும் எடுத்துக்கொண்டு போன வாரம் ஜார்ஜ்டவுனில் விளம்பரம் எடுக்கும் முகவர் ஒருவரைப் பார்க்கப் போனேன். அவர் அன்பானவர். படிவத்தை நிரப்பி முடித்ததும் பழைய கோப்பு ஒன்றை என் முன்னால் திறந்து வைத்தார். அதில் நினைவஞ்சலிக் கவிதைகள் எண்ணிட்டு ஒட்டப்பட்டிருந்தன. தாய்க்கு, தந்தைக்கு, கணவருக்கு, இளவயதில் போன பிள்ளைக்கு என்று தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தார். "பிடித்த எண்ணைச் சொன்னால் போதும், ஐயா" என்றார்.

அரை மணி நேரம் புரட்டினேன். எந்தக் கவிதையிலும் பொய் இல்லை. ஆண்டு ஒன்று ஓடியும் நெஞ்சம் ஆறவில்லை என்றால் அது உண்மைதான். தெய்வமாய் இருந்து காக்க வேண்டும் என்று நாங்களும்தான் வேண்டுகிறோம். ஆனால் அந்தப் பக்கங்களில் எங்கேயும் என் அம்மா இல்லை. கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர், தோட்டம் கைமாறிய பிறகு எங்களோடு பிறையில் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து, மரத்தில் பால் பிடிக்கும் மங்கு ஒன்றில் துளசி வளர்த்தவர், அந்த எண்களுக்குள் அடங்க மறுத்தார். எதையும் தேர்ந்தெடுக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. துயரத்துக்குப் பாட்டு பொருள் தருகிறது என்று எல்லாரும் சொல்கிறோம். அது பாட்டின் எந்த இடத்தில், எப்படி நடக்கிறது? உணர்ச்சி உண்மையாக இருந்தும் ஒரு வரி ஏன் வெறுமையாக நிற்கிறது? இலக்கியம் அறிந்தவர்கள் சொல்லித் தர வேண்டுகிறேன்.

---

ஓய்வாசிரியர் (ஆயர் ஈத்தாம், பினாங்கு)
வெள்ளி, இரவு 11.15

தம்பி பிறைவாசிக்கு, முதலில் என் இரங்கல். நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் பாட்டுக்குப் பொருள் எழுதிப் போட்டவன் நான். என் அம்மாவின் கருமக்கிரியை முடிந்த இரவில்தான் அந்தப் பாட்டுகளில் சிலவற்றை முதன்முறையாகப் படித்தேன் என்று சொன்னால் அது மிகையாகாது. ஆகவே உங்கள் கேள்வியை ஏட்டுக் கேள்வியாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

புறநானூற்று 112ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூவேந்தரும் பறம்பு மலையை முற்றுகையிட்டுப் பாரியைக் கொன்ற பிறகு அவன் மகளிர் பாடியது. ஐந்தே அடிகள்.

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்
எந்தையும் உடையேம் எம்குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவில்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

இதில் "அழுதோம்" என்ற சொல் இல்லை. "இறந்தான்" என்ற சொல்லும் இல்லை. உடையேம், இலம் என்ற இரண்டு வினைகளுக்கு நடுவில் ஒரு மாதம் கிடக்கிறது. அந்த இரண்டு நிலவுக்கும் ஒரே அடைமொழி, "வெண்". நிலவு மாறவில்லை என்பதைப் பெண்கள் குற்றமாகச் சொல்லவில்லை; அப்படியே வைத்துவிட்டுப் போகிறார்கள். இன்னும் ஒன்றைப் பாருங்கள். முன்பு என்று சொல்லும்போது தந்தை முதலிலும் குன்று பின்னாலும் வருகின்றன. இன்று என்று சொல்லும்போது வரிசை தலைகீழாகிறது. நாடு போனதைச் சொல்லி முடித்த பிறகுதான் அவர்களால் அப்பா என்ற சொல்லுக்கு வர முடிகிறது. துயரப்படுகிறவர்கள் பேசும் முறை அதுதான். சொல்ல முடியாததைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். இந்தப் பாட்டின் பொருள் அந்த வரிசை மாற்றத்தில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அடுத்தது 242. ஒல்லையூர்ப் பெருஞ்சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் பாடியது. இளைஞர் சூடவில்லை, வளையணிந்த பெண்கள் கொய்யவில்லை, பாணன் சூடவில்லை, பாடினி அணியவில்லை என்று அடுக்கிக்கொண்டு வந்து, கடைசி அடியில் புலவர் செடியிடம் திரும்புகிறார்: "முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே". ஊரே நின்றுவிட்ட நாளில் பூ மட்டும் தன் வேலையைச் செய்கிறது. அந்தப் பூவிடம் கேட்கிற ஒரு கேள்வியில் சாத்தன் எத்தகையவன் என்பது முழுவதும் வந்துவிடுகிறது. அவன் வள்ளலா, நல்லவனா என்று தனியாகச் சொல்ல வேண்டிய தேவை அவருக்கு இல்லாமல் போனது.

ஆகவே என் விடை இது: உணர்ச்சியின் பெயரைச் சொல்லும் வரி வெறுமையாக நிற்கும்; யாரிடம், எந்தப் பொருளைப் பார்த்துக்கொண்டு பேசுகிறோம் என்பது தெளிவாக இருக்கும் வரி நிறைந்து நிற்கும். கோப்பில் உள்ள கவிதைகள் யாரையும் பார்த்துப் பேசவில்லை.

---

புக்கிட்_மெர்தாஜாம்
சனி, காலை 8.05

ஐயா, எங்கள் குடும்பத்தில் எப்போதும் குறளைத்தான் போடுவோம். "நெருநல் உளனொருவன் இன்றில்லை என்னும் பெருமை உடைத்துஇவ் வுலகு". அதைவிட ஆழமாக யார் சொல்லிவிட முடியும்?

---

ஓய்வாசிரியர்
சனி, காலை 9.30

உண்மை. நேற்று இருந்தவன் இன்று இல்லை என்பதை உலகத்தின் "பெருமை" என்று சொன்ன அந்தச் சொல்லை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மெய் சிலிர்க்கிறது. ஆனால் குறளில் "ஒருவன்" எவனும் ஆகலாம். நிலையாமை என்ற அதிகாரத்துக்கு அதுவே தேவை. தம்பி தேடுவது அந்த ஒருவரை.

---

இரவுத்தாதி (கோலாலம்பூர்)
சனி, பிற்பகல் 2.20

பிறைவாசி அண்ணனுக்கு வணக்கம். நான் பதினேழு ஆண்டுகளாகத் தாதியாக வேலை செய்கிறேன்; பெரும்பாலும் இரவு வேலை. ஆசிரியர் ஐயா எழுதியதை மதிக்கிறேன், ஆனாலும் துயரத்துக்குப் பாட்டு பொருள் தருகிறது என்பதிலேயே எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது.

ஒருவர் இறந்த அரை மணி நேரத்துக்குள் யாராவது ஓர் உறவினர் வந்து, "எல்லாம் நன்மைக்கே", "அவர் காலம் அவ்வளவுதான்" என்று சொல்லத் தொடங்குவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் மனைவியின் முகம் அப்போது எப்படி மூடிக்கொள்கிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். அவளுக்கு அந்த நேரத்தில் பொருள் தேவைப்படவில்லை. இழப்பில் பொருள் கண்டே தீர வேண்டும் என்பது இருப்பவர்களின் அவசரம். பாட்டும் அந்த அவசரத்துக்குத் துணை போகக் கூடாது என்று கருதுகிறேன்.

பள்ளியில் படித்து இன்னும் மறக்காத ஒரே புறப்பாட்டு 245. சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை என்ற அரசன் தன் மனைவி இறந்தபோது பாடியது. "யாங்குப் பெரிது ஆயினும் நோய்அளவு எனைத்தே" என்று தொடங்குகிறான். என் துன்பம் எவ்வளவு பெரிதானால் என்ன, என் உயிரைக் கொல்லும் வலிமை அதற்கு இல்லையே, அப்படியானால் அது என்ன பெரிய துன்பம் என்று தன்னையே குறுக்கு விசாரணை செய்கிறான். கள்ளி முளைத்த சுடுகாட்டில் விறகு அடுக்கி, எரியும் நெருப்பைப் பள்ளிப் பாயலாக்கி அவளைக் கிடத்தியாயிற்று, அவள் போய்விட்டாள். "இன்னும் வாழ்வல் என்இதன் பண்பே". இன்னும் வாழ்கிறேனே, இது என்ன இயல்பு என்ற கேள்வியோடு பாட்டு நின்றுவிடுகிறது. ஓர் அரசன், அவன் துயரத்துக்கு விளக்கம் சொல்ல ஆயிரம் பேர் காத்திருந்திருப்பார்கள். அவன் விளக்கத்தை ஏற்கவில்லை. எனக்கு ஆறுதல் தந்த பாட்டு இது ஒன்றுதான், ஏனென்றால் இது ஆறுதல் சொல்லவில்லை.

---

லயத்துப்பெண் (நிபோங் திபால்)
சனி, இரவு 8.45

எல்லாருக்கும் வணக்கம். நான் அதிகம் படித்தவள் இல்லை. என் பாட்டி எங்கள் தோட்டத்தில் ஒப்பாரி பாடுபவர். யார் வீட்டில் சாவு என்றாலும் பெரட்டு (விடியற்காலை ஆள்கணக்கு) முடிந்து ஆள் வரும். பாட்டி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்புவார். சிறுமியாக நானும் கூடப் போவேன். அங்கே நான் கண்டதை வைத்துப் பேசுகிறேன்.

பாட்டி சாவு வீட்டுக்குள் நுழைந்ததும் உடனே அழ உட்கார மாட்டார். முதலில் பின்பக்கம் அடுப்படிக்குப் போவார். செத்தவர் எந்தக் குவளையில் தேநீர் குடித்தார், கடைசியாக என்ன கேட்டார், யாரோடு மனத்தாங்கல், எந்தப் பிள்ளை வரவில்லை என்று மெதுவாகக் கேட்டுக்கொள்வார். பிறகு வந்து பெண்களின் தோளைப் பிடித்துக்கொண்டு தொடங்கினால், அடுப்படியில் கேட்டதெல்லாம் பாட்டுக்குள் வந்துவிடும். பாட்டியின் சொந்தத் தாய் இறந்தபோது பாடியதில் இரண்டு வரி எனக்கு மனப்பாடம் (வெட்டில்லே என்றால் அன்று மரம் வெட்டும் வேலை இல்லை என்று பொருள்):

மங்கு கழுவி வச்சேன் என்னப் பெத்த அம்மா
மறுநாளு வெட்டில்லேன்னு சொல்லலியே என்னப் பெத்த அம்மா

ஆசிரியர் ஐயா, கோப்பில் உள்ள கவிதைகளைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்வேன். ஒப்பாரியிலும் அச்சு உண்டு. "என்னப் பெத்த அம்மா" என்பது எல்லா வீட்டிலும் வரும். தங்கக் குடம், வெள்ளிக் கிண்ணம் என்று தொடங்கும் அடிகளும் ஊர் ஊராகப் போகின்றன. சொந்தமாக ஒரு சொல் எடுக்கத் தெரியாதவள் அந்த அச்சைப் பிடித்துக்கொண்டுதான் தன் தாயை அழ முடிகிறது. ஆனால் ஒப்பாரி அச்சின் நடுவில் ஒரு வெற்றிடம் இருக்கும். மங்கு, குவளை, வராத மகன் எல்லாம் அந்த வெற்றிடத்துக்குள் வந்து உட்காரும். அச்சடித்த கவிதையில் அந்த இடத்தையும் அடைத்துவிட்டார்கள். குறை அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தங்கச்சி இரவுத்தாதி சொன்னதிலும் நான் ஒன்று சேர்க்க விரும்புகிறேன். ஒப்பாரி பாடும் பெண்கள் யாரும் பொருள் தேடுவதில்லை. செத்தவரைத் திட்டுவோம், சண்டை போடுவோம், ஏன் சொல்லாமல் போனாய் என்று கேட்போம். பதில் வராது என்று தெரிந்தும் கேட்பது பிறகு நெடுநாள் நம்மைத் தாங்கும்.

---

ஓய்வாசிரியர்
சனி, இரவு 10.50

அம்மா லயத்துப்பெண் எழுதியதைப் படித்துவிட்டு நெடுநேரம் எதுவும் எழுத முடியவில்லை. வெற்றிடம் என்ற அந்தச் சொல்லுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். நேற்று நான் சொன்னதில் ஒரு பகுதியைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

செத்தவரிடமே பேசுவது ஒப்பாரிக்கு மட்டும் உரியது என்று கருதிவிட வேண்டாம். புறநானூற்று 255இல் வன்பரணர் காட்டும் பெண், போர்க்களத்துக்கு அருகே காட்டில் கணவன் உடலைக் காண்கிறாள். ஐயோ என்று கத்தினால் புலி வந்துவிடும் என்று அஞ்சுகிறாள். அணைத்துத் தூக்கலாம் என்றால் அவன் அகன்ற மார்பைத் தூக்க அவளால் இயலவில்லை. என்னைப் போலவே நடுங்கட்டும் என்று கூற்றுவனைச் சபிக்கிறாள். பிறகு அவனிடமே சொல்கிறாள்: என் முன்கையைப் பற்றிக்கொள், மலை நிழல் வரைக்கும் போய்விடலாம், "நடத்திசின் சிறிதே". சற்றே நட. இறந்தவனிடம் அவள் கேட்பது நான்கு எட்டு. உயிர் திரும்பி வா என்று கேட்டிருந்தால் அது கதையாகியிருக்கும். சற்று நட என்பது, களைத்த கணவனிடம் எந்த மனைவியும் சொல்லக்கூடியது. அதனால்தான் தாங்க முடியவில்லை.

அச்சு பற்றி அம்மா சொன்னதற்கும் தமிழில் ஒரு பெரிய சான்று உண்டு. பட்டினத்தார் தம் தாய்க்குத் தீ மூட்டும்போது பாடிய பாடல்களை நம் ஈமச் சடங்குகளில் இன்றும் பாடுகிறார்கள். "வட்டிலிலும் தொட்டிலிலும் மார்மேலும் தோள்மேலும் கட்டிலிலும் வைத்தென்னைக் காதலித்து" என்ற அடிகளில் அந்தத் தாயின் பெயர் இல்லை, ஊர் இல்லை. ஆனாலும் அது கோப்புக் கவிதையாக ஆகவில்லை. ஏன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். வட்டில், தொட்டில், மார், தோள், கட்டில் என்று பிள்ளையைக் கிடத்திய ஐந்து இடங்களை எண்ணிவிட்டு, ஆறாவது இடமாக விறகை வைக்கிறார். "விறகிலிட்டுத் தீமூட்டு வேன்" என்று அந்த வெண்பா முடிகிறது. என்னைக் கிடத்தியவளை நான் கிடத்துகிறேன். கேட்கிற ஒவ்வொருவரும் தம் வீட்டுத் தொட்டிலை அந்தச் சொல்லில் போட்டுக்கொள்ளலாம். வெற்றிடம் அங்கே இருக்கிறது.

"முன்னை இட்டதீ முப்பு றத்திலே, பின்னை இட்டதீ தென்னி லங்கையில், அன்னை இட்டதீ அடிவ யிற்றிலே, யானும் இட்டதீ மூள்க மூள்கவே" என்ற பாட்டிலும் அப்படித்தான். சிவன் மூட்டியதும் அனுமன் மூட்டியதும் ஊர் அறிந்த நெருப்புகள். மூன்றாவது நெருப்பை வேறு யாரும் கண்டதில்லை. பிள்ளையைப் பெற்று வளர்த்தவளும், அவளை இழந்து வயிறெரிகிறவனும் மட்டுமே அறிவார்கள். அதை முதலிரண்டின் வரிசையில் நிறுத்தியதும் ஒரு சாதாரணத் தாயின் சாவு புராணத்தின் அளவுக்கு உயர்ந்து நிற்கிறது.

தொல்காப்பியம் ஒரு விதி சொல்கிறது: அகப்பாட்டில் "சுட்டி ஒருவர் பெயர்கொளப் பெறாஅர்". காதலில் பெயர் வரக் கூடாது. இறப்பைப் பாடும் கையறுநிலையிலோ சாத்தன், பாரி என்று பெயர் சொல்லிப் பாடலாம். காதலிக்கிறவர்கள் எல்லாரும் ஒருவர். இறக்கிறவர்கள் தனித்தனியே இறக்கிறார்கள் என்பதை நம் முன்னோர் இலக்கணத்திலேயே எழுதி வைத்தார்கள் என்று எனக்குப் படுகிறது. இது என் வாசிப்பு. உரையாசிரியர்கள் இப்படிச் சொன்னார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

---

செந்தூல்காரன் (கோலாலம்பூர்)
ஞாயிறு, முற்பகல் 11.10

இத்தனை நாளும் இங்கே படிப்பதோடு நிறுத்திக்கொண்டவன். ஆசிரியர் ஐயாவின் கடைசிப் பத்தி என்னை எழுத வைத்தது. அகம், புறம் என்ற அந்தப் பிரிவுக்குள் என் பாட்டியை எங்கே வைப்பது என்று கேட்க விரும்புகிறேன்.

என் தாத்தாவை ஜப்பான்காரன் காலத்தில் சயாம் மரண ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையில் சுமார் 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943க்குள் முடித்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் போனார்கள். போனவர்களில் எத்தனையோ பேர் வயிற்றுப்போக்கிலும் காய்ச்சலிலும் பசியிலும் அங்கேயே கிடந்தார்கள். தாத்தா திரும்பவில்லை. இறந்தார் என்று யாரும் வந்து சொல்லவும் இல்லை. உடல் இல்லை, நாள் இல்லை. எந்தத் திதியில் படையல் போடுவது என்று தெரியாததால் பாட்டி போடவே இல்லை. தாலியையும் கழற்றவில்லை. 1980களில் அவர் இறந்தபோது தாலியோடுதான் அனுப்பினோம்.

அவருக்கு யாரும் ஒப்பாரி பாடிக்கொடுக்கவில்லை, ஏனென்றால் சாவு நடக்கவில்லை. தோட்டத்துப் பெண்கள் அவரைச் சுமங்கலி என்று கூப்பிடவும் தயங்கினார்கள், விதவை என்று ஒதுக்கவும் தயங்கினார்கள். நான் பல்கலைக்கழகத்தில் சங்க இலக்கியம் படித்தபோது முல்லைத் திணைக்கு உரிப்பொருள் இருத்தல் என்று எழுதிக்கொடுத்தார்கள். தலைவி காத்திருப்பாள், கார்காலம் வரும், தேர் ஒலி கேட்கும். அந்தக் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தபோது எனக்குப் பாட்டியின் நினைவு வந்து கை நின்றுவிட்டது. அவருக்கு நாற்பது கார்காலம் வந்தது. தேர் வரவில்லை. அவர் கணவர் புறப்பாட்டுக்குள் போய்விட்டார். பாட்டி அகப்பாட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார்.

கபிலரின் குறுந்தொகை 25ஆம் பாட்டை நான் அவருடைய பாட்டாகவே வைத்திருக்கிறேன். அவன் என்னைக் கூடிய நாளில் அங்கே வேறு யாரும் இல்லை, அவன் பொய்த்தால் நான் என்ன செய்வேன் என்று தலைவி கேட்கிறாள். பிறகு நினைவு வந்ததுபோல, ஒரு குருகு இருந்தது என்கிறாள். தினைத்தாள் போன்ற சிறிய பசிய கால்கள் கொண்ட அந்தக் குருகு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. தன் வாழ்க்கைக்கு இருந்த ஒரே சாட்சியும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்று அவள் சொல்லவில்லை. பறவையின் காலை மட்டும் வருணிக்கிறாள். பாட்டியும் அப்படித்தான். தாத்தாவை லாரியில் ஏற்றிய காலையைப் பற்றிக் கேட்டால், லாரியின் பின்பலகையில் கட்டியிருந்த கயிற்றின் நிறத்தைச் சொல்வார். வேறு எதுவும் சொல்ல மாட்டார்.

இரவுத்தாதி அவர்கள் சொன்னதோடு நான் உடன்படுகிறேன், ஒரு சிறு மாற்றத்துடன். பாட்டு எனக்குத் தாத்தாவின் சாவுக்குப் பொருள் தரவில்லை. எந்தப் பாட்டும் தர முடியாது. ஆனால் பாட்டி ஏன் கயிற்றைப் பற்றியே பேசினார் என்பது, அந்தக் குருகின் காலைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதற்கு முன்னால், அவருக்கு நினைவு தப்பிவிட்டது என்று எங்கள் வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தோம்.

---

லயத்துப்பெண்
ஞாயிறு, பிற்பகல் 1.00

தம்பி செந்தூல்காரன், உங்கள் பாட்டிக்காக இன்று மாலை விளக்கு ஏற்றுகிறேன். அந்தக் கயிறு என்ன நிறம்?

---

செந்தூல்காரன்
ஞாயிறு, பிற்பகல் 1.25

பச்சை, அக்கா. சாயம் வெளுத்த பச்சை.

---

இரவுத்தாதி
திங்கள், விடியற்காலை 3.35

வேலைக்கு நடுவில் எழுதுகிறேன். வார்டு அமைதியாக இருக்கிறது. செந்தூல்காரன் அண்ணன் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் முதலில் சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேனோ என்று தோன்றுகிறது. பொருள் என்று நான் எதிர்த்தது, வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டும் விளக்கத்தை. நீங்கள் சொல்வது வேறு. ஒருவர் எதைப் பார்த்தாரோ அதை நாமும் பார்ப்பது. அதை நான் எதிர்க்கவில்லை. என் வேலையே பாதி அதுதான்.

இந்த நேரத்தில் எப்போதும் நினைவுக்கு வரும் பாட்டு பதுமனாருடைய குறுந்தொகை 6. நள்ளிரவு, பேச்சு அடங்கி மக்கள் இனிதாக உறங்குகிறார்கள், அகன்ற உலகமும் வெறுப்பின்றித் துஞ்சுகிறது, "ஓர்யான் மன்ற துஞ்சா தேனே". நான்கடிப் பாட்டில் மூன்றடி மற்றவர்களின் உறக்கத்துக்கே போய்விடுகிறது. தூங்காதவளுக்குக் கிடைப்பது ஓர் அடி. வலியில் விழித்திருக்கும் நோயாளிகள் என்னிடம் பேசும்போதும் இப்படித்தான் பேசுகிறார்கள். பக்கத்துக் கட்டில்காரர் நன்றாகத் தூங்குகிறார், மகள் வெளியே நாற்காலியில் தூங்கிவிட்டாள் பாவம், எழுப்ப வேண்டாம் என்பார்கள். தம்மைப் பற்றிக் கடைசியில் ஒரு சொல்.

பிறைவாசி அண்ணன், இத்தனை பேர் எழுதியும் நீங்கள் ஒன்றும் எழுதவில்லையே. நலமா?

---

பிறைவாசி
திங்கள், விடியற்காலை 4.20

நலம்தான், தங்கச்சி. எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தேன். உங்கள் குறிப்பு வந்தபோது விழித்துத்தான் இருந்தேன். அம்மா போன பிறகு இந்த நேரத்துக்கு எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. ஏன் என்று இதுவரை யோசித்ததில்லை. குறுந்தொகைப் பாட்டைப் படித்ததும் தெரிந்துவிட்டது.

தோட்டத்தில் பெரட்டுக்கு முன்னால் சோறு பொங்கிக் கட்ட வேண்டும் என்பதற்காக அம்மா இந்த நேரத்தில் எழுவார். பிறைக்கு வந்து இருபது ஆண்டுகள் ஆகியும், போக ஒரு வேலையும் இல்லாதபோதும், அந்த நேரத்தில் எழுந்து சமையலறை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கதவின் கீழே அந்த வெளிச்சக் கோடு தெரியும். புரண்டு படுத்து இன்னும் நிம்மதியாகத் தூங்குவேன். பதுமனாரின் தலைவி விழித்திருந்ததால் உலகம் தூங்கியது என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. நாங்கள் துஞ்சுவதற்கு அம்மா துஞ்சாதிருந்தார்.

இப்போது சமையலறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நான்கு வரி வந்திருக்கிறது. மரபுக்கவிதை எனக்குத் தெரியாது. பிழையிருந்தால் பெரியவர்கள் தயங்காமல் சொல்ல வேண்டும்.

நான்கு மணிக்கு விளக்கு எரியும்;
நீ எழுந்துவிட்டாய் என்று வீடு தூங்கும்.
நான்கு மணிக்கு இன்று நான் எழுந்தேன்;
விளக்கைப் போடவில்லை, அம்மா.

---

ஓய்வாசிரியர்
திங்கள், காலை 7.40

தம்பி, யாப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. இரண்டாம் வரியில் "தூங்கும்" என்ற வினை நன்றாக அமைந்திருக்கிறது. வழக்கமாக நடந்த ஒன்றையும் அது சொல்கிறது. இனியும் நடக்கும் என்பதுபோலவும் ஒலிக்கிறது. மூன்றாம் வரியில் "எழுந்தேன்" என்று காலம் உடைந்துவிடுகிறது. "எழுந்துவிட்டாய்" என்பதை "எழுந்தாய்" என்று சுருக்கலாமா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். மூன்றாம் வரியின் "எழுந்தேன்" அதற்கு நேராக வந்து நிற்கும்.

---

லயத்துப்பெண்
திங்கள், காலை 10.15

அண்ணே, வேலைக்கு வந்த இடத்தில் படித்துவிட்டு வெளியே போய் நின்றேன். ஒரே ஒரு கேள்வி. ஒப்பாரியில் "அம்மா" என்று கூப்பிட்டுத்தான் தொடங்குவோம். நீங்கள் கடைசியில் கூப்பிட்டிருக்கிறீர்கள். அப்படியே வைத்துவிடுங்கள் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். யாராவது முன்னால் கொண்டுபோகச் சொன்னால் கேட்காதீர்கள். இருட்டில் உட்கார்ந்து பார்த்த பிறகுதானே கூப்பிடத் தோன்றியது.

---

பிறைவாசி
வியாழன், இரவு 9.05

எல்லாருக்கும் நன்றி. இன்று முகவரிடம் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். ஐயா சொன்னபடி "எழுந்தாய்" என்று மாற்றிவிட்டேன். "அம்மா" இருந்த இடத்திலேயே இருக்கிறது. முகவர் தாளை வாங்கிப் படித்தார், கோப்பை எடுக்கவில்லை. தம்முடைய தாய் எத்தனை மணிக்கு எழுவார் என்று என்னிடம் சொல்லத் தொடங்கினார். கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கொடுப்பதற்கு முன்னால் அக்காளிடம் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நாலு மணி இல்லடா, மூணரை. நாலு மணிக்கு நீ எழுந்து பாத்திருப்பே, அதனால உனக்கு நாலு. விளக்கு மூணரைக்கே எரியும். எனக்குத் தெரியும், நான்தான் கூட எழுந்து அரிசி களைவேன்" என்றார்.

இரண்டு இடத்திலும் மூன்றரை என்று திருத்திக் கொடுத்தேன்.